பயாஃப்ராவில் பிறந்த ஜேக்கல்: ஃபிரெடரிக் ஃபோர்சித் நினைவாக

1970 ஜனவரி. லண்டனில் நண்பர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார் ஃபிரெடரிக் ஃபோர்சித். வயது 31. வேலை இல்லை, சேமிப்பு கரைந்துவிட்டது, கடன் மட்டும் இருந்தது. பி.பி.சி.யோடு முறித்துக்கொண்டவர், ஒரு போரில் பக்கம் சாய்ந்துவிட்டவர் என்று பெயர் வாங்கியிருந்ததால் செய்தித்துறைக்குள் மறுபடி நுழையவும் வழி தெரியவில்லை. சரி, ஒரு நாவல் எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தார். கடனை அடைக்க நாவல் எழுதுவதைப்போல அசட்டு யோசனை வேறில்லை என்று பின்னாளில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கையோடு கொண்டு திரியும் பழைய டைப்ரைட்டரில் 35 நாட்கள் தட்டினார். பிரெஞ்சு அதிபரைக் கொல்லக் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஒருவனின் கதை; அதுதான் 'தி டே ஆஃப் தி ஜேக்கல்'.

2025 ஜூன் 9 அன்று, 86 வயதில், ஃபோர்சித் காலமானார். 25க்கும் மேற்பட்ட புத்தகங்கள், ஏழரைக் கோடிப் பிரதிகள், முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் என்று அஞ்சலிக் குறிப்புகள் எண்களை அடுக்கின. போர் விமானி, நிருபர், உளவாளி, நாவலாசிரியர் என்று பட்டங்களையும் அடுக்கின. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியலில், நைஜீரியாவிலிருந்து பிரிந்து போரில் அழிந்த பயாஃப்ரா என்ற நாடு பல இடங்களில் ஒரு வரியோடு கடந்துபோனது எனக்கு உறுத்தியது. அந்த ஜனவரியில் அவர் ஏன் கையில் காசில்லாமல் இருந்தார், எதைப் பறிகொடுத்துவிட்டு வந்திருந்தார் என்பது தெரியாமல் ஜேக்கலை முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது. கல்லூரி நாட்களில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அட்டை கிழிந்த பிரதியில் அந்த நாவலை முதலில் படித்தபோது எனக்கும் இது தெரியாது.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஆஷ்ஃபோர்டு என்ற சிற்றூரில் 1938 ஆகஸ்ட் 25 அன்று பிறந்தார். ஒற்றைப் பிள்ளை. அப்பா ரோமத்தோல் மேலங்கிகள் விற்கும் கடை வைத்திருந்தார். அதற்கு முன், 1930களின் முதல் பாதியில், அவர் மலாயாவில் ரப்பர் தோட்டத் துரையாக இருந்தவர். மலாயாவின் பால்மரக் காடுகள் நமக்கு அந்நியமான இடமல்ல. எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் முதுகெலும்பு தேய்ந்த இடம். அங்கே நடந்த ஒரு சம்பவத்தை மகன் தன் சுயசரிதையில் முதலிலேயே சொல்கிறார். தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜப்பானியத் தச்சர் ஒருவரின் பையனுக்குக் குடல்வால் வீங்கி உயிருக்கு ஆபத்தாகிவிட்டது. துரை அவனைத் தன் மோட்டார் சைக்கிளில் வைத்துக் காட்டுவழியே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பையன் பிழைத்தான். நன்றி சொல்ல வந்த தச்சர், பதிலுக்குத் தர என்னிடம் ஒரு யோசனைதான் இருக்கிறது, உயிர்மேல் ஆசை இருந்தால் மலாயாவை விட்டுப் போய்விடுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னாராம். துரை கிளம்பிவிட்டார். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. அங்கேயே தங்கியிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆகியிருக்கும் என்று மகன் யோசித்துப் பார்க்கிறார். ஒரு ரகசியத் தகவல் சரியான நேரத்தில் சரியான காதுக்குப் போய்ச் சேர்வதுதான் பிற்பாடு அவர் எழுதிய எல்லா நாவல்களின் அச்சாணியும்.

போர்க்காலத்தில், ஐந்து வயது இருக்கும்போது, ஒரு விமானதளத்தில் யாரோ அவரைத் தூக்கி ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் விமானி இருக்கையில் உட்காரவைத்தார்கள். அந்த வாசனையும் கருவிகளும் மண்டைக்குள் ஏறிக்கொண்டன. ஓட்டினால் விமானம்தான் ஓட்டுவேன் என்று பிடிவாதம். அப்பா தடுக்கவில்லை; ஆனால் மொழி படிக்க வேண்டும் என்றார். பள்ளி விடுமுறைகளில் பையனைப் பிரான்சில் ஒரு குடும்பத்திடமும், அப்புறம் ஜெர்மனியிலும் கொண்டுபோய் விட்டார். பிரெஞ்சும் ஜெர்மனும் உள்ளூர்க்காரர்களுக்குச் சந்தேகம் வராத அளவுக்குப் படிந்தன. ஸ்பானிஷும் கொஞ்சம் ரஷ்யனும் பின்னால் சேர்ந்தன. கட்டாய ராணுவச் சேவைக் காலத்தில் 19 வயதிலேயே வாம்பயர் என்ற ஜெட் போர் விமானத்தை ஓட்டினார்.

விமானப்படையில் நிரந்தரமாக இருந்தால் கடைசியில் மேசை வேலைக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும் வெளியே வந்தார். உலகம் சுற்ற வேண்டும், அதற்குச் சம்பளமும் வர வேண்டும் என்றால் நிருபர் வேலைதான். நார்ஃபோக் பகுதியின் உள்ளூர் நாளிதழில் மூன்று வருடம் பழகினார். 1961இல் ராய்ட்டர்ஸ். 1962இல் பாரிஸ்.

அந்த வருடப் பாரிஸை நினைத்துப் பாருங்கள். அல்ஜீரியாவுக்கு விடுதலை கொடுத்துவிட்டார் அதிபர் சார்ல் தெ கோல். அதைத் துரோகம் என்று கொதித்த ராணுவத்தினர் ஓ.ஏ.எஸ். என்ற ரகசிய அமைப்பாகத் திரண்டு அவரைக் கொல்லப் பார்த்தார்கள். 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸ் புறநகரான பெத்தி கிளமாரில் அவருடைய காரைச் சல்லடையாகச் சுட்டார்கள். தெ கோலும் மனைவியும் கீறல்கூட இல்லாமல் தப்பினார்கள். அடுத்த முயற்சி எப்போது வரும் என்று தெரியாததால் அதிபர் போகும் இடமெல்லாம் நிருபர்களும் போய்க் காத்துக்கிடந்தார்கள். இளம் ஃபோர்சித்தும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். மெய்க்காவலர்களோடு பேச்சுக் கொடுத்துப் பழகினார். ஓ.ஏ.எஸ். ஆட்கள் ஒவ்வொருவரின் பெயரும் போலீஸ் கோப்பில் இருக்கிறது, அமைப்புக்குள்ளேயே ஒற்றர்கள் இருக்கிறார்கள், ஆகவே இவர்களால் முடியாது என்பது அவருக்குப் புரிந்தது. எந்தக் கோப்பிலும் பெயர் இல்லாத வெளியாள் ஒருவனைக் கூலிக்கு அமர்த்தினால்? அந்தக் கேள்வி ஏழெட்டு வருடம் மனத்தின் மூலையில் கிடந்தது.

பாரிஸுக்குப் பிறகு கிழக்கு பெர்லின். ரகசியப் போலீஸ் நிழல்போலத் தொடரும் வாழ்க்கை. ஒருநாள் இரவு டாங்கிகளும் ராணுவ வண்டிகளும் வரிசையாக மேற்கு நோக்கிப் போவதைக் கண்டு உடனே செய்தி அனுப்பிவிட்டார். மேற்கத்தியத் தலைநகரங்களில் தூக்கத்திலிருந்து ஆட்களை எழுப்பினார்கள். விசாரித்தால், மே தின அணிவகுப்புக்கான ஒத்திகை. இளம் நிருபரின் பிழைதான். ஆனால் ஒரு தகவல் உலகத்தை எவ்வளவு தூரம் அசைக்கும் என்பதை அன்றைக்கு அவர் கண்ணால் பார்த்தார்.

1965இல் பி.பி.சி.யில் சேர்ந்தார். 1967இல் நைஜீரியாவுக்கு அனுப்பப்பட்டார். இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

1960இல் விடுதலை பெற்ற நைஜீரியாவில் 1966இல் மட்டும் இரண்டு ராணுவப் புரட்சிகள். அந்த வருடம் நாட்டின் வடபகுதியில் வாழ்ந்த இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். உயிர்தப்பியவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல், மூட்டை முடிச்சோடு தங்கள் பூர்விகமான கிழக்குப் பகுதிக்குத் திரும்பினார்கள். 1967 மே 30 அன்று கிழக்கின் ஆளுநராக இருந்த கர்னல் ஒஜுக்வு தனிநாடு அறிவித்தார், பெயர் பயாஃப்ரா. ஜூலை 6இல் போர் மூண்டது. நைஜர் கழிமுகத்து எண்ணெய் யார் கையில் என்பதும் அதற்குள் இருந்தது. ஹெரால்டு வில்சனின் பிரிட்டன் அரசு நைஜீரிய அரசுக்கு ஆயுதம் கொடுத்தது.

சில வாரங்களில் முடிந்துவிடும் என்று லண்டனில் சொல்லித்தான் ஃபோர்சித்தை அனுப்பினார்கள். நேரில் போனவர் கண்டது வேறு. மக்கள் முழுமனத்தோடு அந்தத் தனிநாட்டின் பின்னால் நின்றார்கள். போர் இழுத்துக்கொண்டே போகும் என்று தெரிந்தது. அப்படியே எழுதினார். லண்டனுக்குப் பிடிக்கவில்லை. திருப்பி அழைக்கப்பட்டார். இந்தப் போரைத் தொடர்ந்து செய்தியாக்கும் எண்ணம் நிறுவனத்துக்கு இல்லை என்று தன்னிடம் சொல்லப்பட்டதாக அவர் எழுதியிருக்கிறார். 1968இல் வேலையை விட்டுவிட்டு, யாருக்கும் நிருபராக இல்லாமல், தன் சொந்த முடிவில் பயாஃப்ராவுக்குத் திரும்பிப் போனார்.

1968 மே மாதம் போர்ட் ஹார்கோர்ட் துறைமுகம் விழுந்தது. கடல்வழி அடைபட்டது. சுற்றிவளைக்கப்பட்ட நிலத்துக்குள் லட்சக்கணக்கான அகதிகள். மரவள்ளி, சேனை என்று மாவுச்சத்து ஓரளவு கிடைத்தது. மீனும் இறைச்சியும் பாலும் இல்லை. குழந்தைகளுக்குக் குவாஷியோர்கர் என்ற புரதக் குறைநோய் வந்தது. கை கால்கள் குச்சியாகும், வயிறு உப்பும், கறுத்த முடி செம்பட்டையாகும். அந்தப் படங்கள் 1968 கோடையில் ஐரோப்பியப் பத்திரிகைகளில் வெளிவந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஊலி என்ற இடத்தில் தார்ச்சாலையை அகலப்படுத்தி ஓடுதளமாக்கினார்கள். பகலில் குண்டு விழும் என்பதால் இரவில் மட்டும், விமானம் தரைதொடும் சில நிமிடங்களுக்கு மட்டும் விளக்கைப் போட்டு, சாவோ டோமே தீவிலிருந்து தேவாலய அமைப்புகள் பால்பவுடரும் கருவாடும் இறக்கின. பசியை ஆயுதமாக்கிய அந்தப் போரைப் பற்றிப் படிக்கும்போது, 2009இல் வன்னியில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற நம் மக்களின் முகம் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வராமல் போகாது.

இந்த நடுவில்தான் ஃபோர்சித் இருந்தார். அவர் பக்கம் சாய்ந்தார் என்ற குற்றச்சாட்டு பொய்யல்ல. ஒஜுக்வுவின் நெருங்கிய நண்பரானார். 1982இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். பயாஃப்ராவுக்குள்ளேயே இருந்த சிறுபான்மை இனங்களின் அச்சங்கள் அவருடைய எழுத்தில் போதிய அளவு வரவில்லை என்பதும் நியாயமான விமர்சனம். ஆனாலும் 1969இல் பெங்குயின் வெளியிட்ட அவருடைய முதல் புத்தகமான 'தி பயாஃப்ரா ஸ்டோரி'யைப் படித்தால், தன் நாட்டு அரசு செய்ததைப் பார்த்து வெட்கமும் கோபமும் கொண்ட ஒரு மனிதரின் குரல் கேட்கும். அவர் நாவல்கள் எதிலும் அந்தச் சூடு இல்லை. 1970 ஜனவரி நடுவில் பயாஃப்ரா சரணடைந்தது. பட்டினியிலும் போரிலும் இறந்தவர்கள் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சம்வரை என்று வெவ்வேறு கணக்குகள் சொல்கின்றன.

அந்த ஜனவரியில்தான் அவர் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தது.

ஜேக்கல் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் அதற்குள் நிருபர் இருப்பது தெரியும். நான்கு பதிப்பகங்களில் அந்தக் கைப்பிரதி விலைபோகவில்லை. அவர்கள் கேட்டதும் நியாயமான கேள்விதான்: தெ கோல் உயிரோடு இருக்கிறாரே, கொலை நடக்கவில்லை என்று முதல் பக்கத்திலேயே எல்லோருக்கும் தெரியுமே, இதில் என்ன திகில்? கடைசியில் ஹட்சின்சன் பதிப்பகத்தின் ஹெரால்டு ஹாரிஸ் துணிந்து எடுத்தார். 1971இல் புத்தகம் வந்தது. வாசகர்கள் கேட்டது வேறு கேள்வி. கொல்வானா என்று யாரும் கேட்கவில்லை. எவ்வளவு கிட்டே போவான், எப்படிப் போவான் என்றுதான் பக்கங்களைப் புரட்டினார்கள்.

அந்த 'எப்படி'யில்தான் அவருடைய உழைப்பு இருக்கிறது. கொலைகாரன் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் தன் வயதை ஒத்த, குழந்தையிலேயே இறந்துபோன ஒருவனின் பெயரைத் தேடி எடுக்கிறான். அந்தப் பெயருக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குகிறான். அதை வைத்துப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறான். பிறப்புப் பதிவேட்டையும் இறப்புப் பதிவேட்டையும் யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை என்ற ஓட்டையை நாவல் சாவகாசமாக, அரசு அலுவலகத்தில் நமக்குப் பக்கத்தில் நின்று விளக்குவதுபோல விளக்குகிறது. அந்த ஓட்டை நிஜமாகவே இருந்தது. பல வருடம் குற்றவாளிகள் அதைப் பயன்படுத்தினார்கள். பிரிட்டனில் அதற்கு ஜேக்கல் மோசடி என்றே பெயர். போராட்டக் குழுக்களுக்குள் ஊடுருவிய லண்டன் ரகசியப் போலீஸாரும் இறந்த குழந்தைகளின் பெயர்களில்தான் பல காலம் உலாவினார்கள் என்பது 2013இல் அம்பலமானது. அவர்களுக்குள் அந்த வேலைக்கு வழங்கிய பெயர்கூட நாவலிலிருந்து எடுத்ததுதான்.

இன்னொரு காட்சி. தனியாகச் செய்வித்த மெல்லிய துப்பாக்கியைப் பரிசோதிக்க ஆர்டென் காட்டுக்குப் போகிறான். முலாம்பழம் ஒன்றில் கண், மூக்கு, வாய் வரைந்து மரக்கிளையில் பைக்குள் கட்டித் தொங்கவிடுகிறான். தூரத்தில் போய்ப் படுத்துச் சுடுகிறான், குறிகாட்டியைத் திருகிச் சரிசெய்கிறான், மறுபடி சுடுகிறான். கடைசியில் வெடிக்கும் தோட்டா. பழம் இருந்த இடத்தில் சாறு வழியும் பை மட்டும். அவ்வளவுதான். ரத்தம் இல்லை, அலறல் இல்லை. ஆனால் அதற்கப்புறம் தெ கோலின் பெயர் வரும் ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பழம் நம் கண்முன் வந்து நிற்கும்.

நாவலின் உச்சகட்டம் 1963 ஆகஸ்ட் 25. பாரிஸ் விடுதலை நாள். ஃபோர்சித்தின் பிறந்த நாளும்கூட. ஜன்னலிலிருந்து குறிபார்க்கிறான். பதக்கம் குத்திவிட்டு, முன்னாள் வீரரின் கன்னத்தில் முத்தமிட தெ கோல் சட்டென்று குனிகிறார். தோட்டா தலைக்குப் பின்னால் பறந்துபோகிறது. ஆங்கிலேயனான கொலைகாரன் எல்லாவற்றையும் கணக்கிட்டான். பிரெஞ்சுக்காரர்களின் இந்த வழக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. பதின்வயதில் பிரெஞ்சுக் குடும்பத்தோடு வாழ்ந்தவருக்குத்தான் இப்படி ஒரு முடிவு தோன்றும்.

ஆனால் நாவலின் குளிர்ச்சி பாரிஸிலிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அமைச்சர்களும் அதிகாரிகளும் அறைக்குள் உட்கார்ந்து முடிவெடுக்கும் காட்சிகளைப் பாருங்கள். மேலிடத்தை நம்பாத, பேச்சைக் குறைத்து வேலையைப் பார்க்கும் சாதாரணத் துப்பறிவாளர் லெபெல்தான் கதையில் நம்பத் தகுந்த ஒரே ஆள். பெரிய இடத்து ஆட்கள் எவ்வளவு எளிதாகப் பொய் சொல்வார்கள், எவ்வளவு எளிதாகக் கை கழுவுவார்கள் என்பதை இரண்டு வருடம் பயாஃப்ராவில் பார்த்தவரின் எழுத்து அது.

அடுத்த இரண்டும் அதே முறையில் வந்தவை. 1972இல் 'தி ஒடெசா ஃபைல்'. நாஜி வேட்டையாளர் சைமன் வீசெந்தாலிடம் போய்க் கேட்டு, ரீகா நகரின் கசாப்புக்காரன் எனப்பட்ட எடுவார்ட் ரோஷ்மான் என்ற நிஜ மனிதனையே கதைக்குள் கொண்டுவந்தார். நாவலும் 1974இல் வந்த திரைப்படமும் அந்தப் பெயரை உலகம் முழுக்கப் பரப்பின. அர்ஜென்டினாவில் ஒளிந்திருந்த ரோஷ்மான் 1977இல் பராகுவேக்கு ஓடி, அங்கே இறந்தான். 1974இல் 'தி டாக்ஸ் ஆஃப் வார்', ஆப்பிரிக்காவில் கூலிப்படை வைத்து ஆட்சியைக் கவிழ்க்கும் கதை. கள்ள ஆயுத வியாபாரம் எப்படி நடக்கிறது என்று அறிய, தென்னாப்பிரிக்க வாடிக்கையாளர்போல நடித்து ஹாம்பர்க் வியாபாரி ஒருவனிடம் போனார். அந்த வியாபாரி ஒரு புத்தகக் கடையைக் கடந்தபோது ஜேக்கலின் ஜெர்மன் பதிப்பையும், அதில் இருந்த ஆசிரியர் படத்தையும் பார்த்துவிட்டான். உடனே கிளம்பு என்று ஒரு தொலைபேசி எச்சரிக்கை. ஃபோர்சித் ஸ்டேஷனுக்கு ஓடி, நகர்ந்துகொண்டிருந்த ரயிலில் பாய்ந்து ஏறித் தப்பினார் என்பது அவர் சொன்ன கதை.

2015இல், 77 வயதை எட்டும்போது, 'தி அவுட்சைடர்' என்ற சுயசரிதையில் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார். பிரிட்டிஷ் வெளிநாட்டு உளவுத்துறைக்கு இருபது வருடங்களுக்கு மேல் சம்பளமில்லாமல் உதவியிருக்கிறார். தொடங்கிய இடம், மறுபடியும் பயாஃப்ரா. குழந்தைகள் சாவது உண்மைதானா என்று லண்டனில் அரசுக்குள்ளேயே சண்டை நடந்தபோது, உள்ளே இருக்கும் ஆளின் கண் அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1973இல் டிரெஸ்டன் நகர அருங்காட்சியகக் கழிவறையில் ஒரு சோவியத் அதிகாரியிடமிருந்து பொட்டலம் வாங்கி, காரின் பேட்டரிக்கு அடியில் ஒளித்து எல்லை தாண்டியிருக்கிறார். பின்னால் தென்னாப்பிரிக்க அமைச்சர் பிக் போத்தாவிடம், ஆட்சி மாறும்போது உங்கள் அணுகுண்டுகளை என்ன செய்வீர்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டு விடையை லண்டனுக்குச் சேர்த்திருக்கிறார். இவற்றில் பலவற்றுக்கு அவர் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை. நிருபராக இருந்துகொண்டே உளவுத்துறைக்கும் வேலை செய்தது சரியா என்றால், எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருவர் அப்படிச் செய்தால், களத்தில் நிற்கும் மற்ற நிருபர்கள் எல்லோர்மேலும் சந்தேகம் விழும். அந்தச் சந்தேகத்தால் உயிரிழந்த நிருபர்கள் இருக்கிறார்கள்.

பிந்தைய நாவல்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. 'தி ஃபோர்த் புரோட்டோகால்' நன்றாக ஓடும். 'தி ஃபிஸ்ட் ஆஃப் காட்' முதல் வளைகுடாப் போரை உள்ளிருந்து பார்த்ததுபோல இருக்கும். அவருடைய வலதுசாரி அரசியல் சில நாவல்களில் பாத்திரங்களை நெரித்துவிட்டது. பெண்கள் பெரும்பாலும் அட்டைப் படங்கள். நம்பி முதலீடு செய்தவர் ஏமாற்றியதில் 1990 வாக்கில் சேமிப்பெல்லாம் போய், ஐம்பது வயதைத் தாண்டி மறுபடி பணத்துக்காக எழுத வேண்டி வந்தது.

ஆனால் நேரில் போய்ப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் கடைசிவரை விடவில்லை. 2009இல், எழுபது வயதில், கொக்கைன் கடத்தல் பற்றிய நாவலுக்காக மேற்கு ஆப்பிரிக்காவின் கினி பிசாவுக்குப் போனார். அவர் இறங்கிய நேரம் ராணுவத் தளபதி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டிருந்தார்; விடிவதற்குள் அதிபரையும் கொன்றுவிட்டார்கள். சில வருடம் கழித்து சோமாலியாவின் மொகதிஷு. 76 வயதில், இரட்டை இருக்கை கொண்ட ஸ்பிட்ஃபயரில் ஏறி, ஐந்து வயது ஆசையையும் தீர்த்துக்கொண்டார்.

புதிதாக அவரைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஜேக்கலைச் சொல்வேன். அது முடிந்ததும் 'தி அவுட்சைடர்' புத்தகத்தில் பயாஃப்ரா அத்தியாயங்களைப் படியுங்கள். அதில் ஒரு காட்சி வருகிறது. ஒரு குடிசையில் உட்கார்ந்து செய்தி தட்டிக்கொண்டிருக்கிறார். ஏதோ நிழலாடுகிறது, நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே ஏழெட்டு வயதுச் சிறுமி. ஒட்டி உலர்ந்த உடம்பு, அழுக்கேறிய மெல்லிய சட்டை. ஒரு கையில் தம்பியைப் பிடித்திருக்கிறாள். இன்னொரு கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சாப்பாடு இருக்கிறதா என்று சைகை காட்டுகிறாள். அவரிடம் எதுவும் இல்லை. இல்லை என்று தலையசைக்கிறார். சிறுமி கோபப்படவில்லை, அழவில்லை. புரிந்தது என்பதுபோல மெல்லத் தலையாட்டிவிட்டு, தம்பியின் கையைப் பிடித்தபடி காட்டுப் பக்கம் நடந்துபோகிறாள்.